கோட் ஃபைனுக்கு வந்த பெய்லிவ் கொம்பனிக்கு ஒரு ஸ்டார், எங்களைத் தூக்கிவிட்ட போன் லைனுக்கு அஞ்சு ஸ்டார்

பெய்லிவ் எண்டா கட்டாத காசை வாசலுக்கு வந்து அறவிடுற ஆள். அந்தக் கொம்பனியின்ர பேரை நான் இஞ்ச போடேல்ல. இங்கிலாந்தில கோட் ஃபைன், அதாவது நீதிமன்றம் போடுற தண்டப்பணம், அறவிடுற வேலையை ஒரு கொஞ்சத் தனியார் கொம்பனியளிட்டத்தான் குடுத்து வைச்சிருக்கினம், உங்கட வாசலுக்கு எந்தக் கொம்பனி வந்தாலும் சட்டமும் கட்டணமும் ஒண்டுதான், அதால பேரை விட என்ன நடந்தது எண்டதைத் தெரிஞ்சு வைச்சிருந்தாப் போதும். போன் லைனின்ர பேரைப் போடுறன், நாஷனல் டெப்ட்லைன், கடன் தொல்லைக்கு ஆலோசனை சொல்லுற லைன். காசு வாங்கிறேல்ல, ஒரு சதமும் இல்லை. வீட்டில வருத்தக்காரரை வைச்சுக்கொண்டு இப்பிடி ஒரு கடிதத்தைப் பிரிச்சுப் பாத்துக் கை நடுங்கி நிக்கிற ஆருக்காவது இது உதவோணும் எண்டுதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

எங்கட இவருக்கு 2023 மாசியில கிட்னி ரெண்டும் ஏலாமப் போய் டயலசிஸ் தொடங்கினது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். அப்ப லண்டன் டூட்டிங்கில மூண்டாம் மாடியில இருந்தனாங்கள், லிஃப்ட் இல்லை, டயலசிஸ் முடிஞ்சு வந்து படி ஏறேக்க ஒவ்வொரு திருப்பத்திலயும் நிண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்குவார், பாக்கேலாது. அதால வைகாசியில ஹரோப் பக்கம் கீழ் வீடொண்டு கிடைச்ச உடன மாறினனாங்கள். ஜீபி, பாங்க், கவுன்சில், பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் புது அட்ரஸ் குடுத்தாச்சு. காரின்ர லொக்புக்கை, கார் ஆற்ற பேரில எந்த அட்ரஸில எண்டு பதியிற பேப்பரை, மட்டும் மாத்தேல்ல. அது ஒண்டுதான் விட்டுப்போன அலுவல், ஆனா பிறகு வந்த எல்லாம் அதாலதான் வந்தது.

மாறி மூண்டு கிழமை இருக்கும், இவற்ற நெஞ்சில போட்டிருந்த டயலசிஸ் லைனில கிருமி ஏறி நடுச்சாமத்தில கட்டிலே ஆடுற மாதிரி நடுங்கத் தொடங்கிட்டார். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோச்சு, நான் பிள்ளையளைப் பக்கத்து வீட்டு அக்காவிட்ட விட்டிட்டுப் பின்னால காரை எடுத்துக்கொண்டு போனனான். மணித்தியாலத்துக்கு 20 மைல் எல்லை போட்ட றோட்டில 28ல போயிருக்கிறன். கமரா அடிச்சது கூட எனக்குத் தெரியாது, அண்டைக்கு றோட்டைப் பாத்தே ஓடினனானோ எண்டும் தெரியாது.

கார் இவற்ற பேரில. அதால கார் ஓடினது ஆர் எண்டு 28 நாளுக்குள்ள சொல்லுங்கோ எண்டு கடிதம் இவருக்குப் போயிருக்கு, டூட்டிங் வீட்டுக்கு. பதில் இல்லாட்டி அது வேகமா ஓடின குற்றத்தை விடப் பெரிய குற்றம், லைசன்சில 6 புள்ளி. பிறகு வழக்குக் கடிதமும் அங்கதான் போச்சு. இஞ்ச இப்பிடியான சின்ன வழக்குகளை 2015 இல இருந்து ஒரே ஒரு மஜிஸ்ட்ரேட் சட்ட ஆலோசகரோட இருந்து பேப்பரைப் பாத்தே முடிப்பினம், ஒருத்தரையும் கோட்டுக்குக் கூப்பிடுறேல்ல, 21 நாளுக்குள்ள நீங்கள் பதில் போடாட்டி குற்றவாளி எண்டு எழுதிப்போட்டு அடுத்த ஃபைலை எடுப்பினம். வருமானம் பற்றி ஒரு தகவலும் இல்லாட்டி கிழமைக்கு 440 பவுண் உழைக்கிற ஆள் எண்டு அவையளா நினைச்சுக் கணக்குப் போடுவினம். இந்தக் குற்றத்துக்கு அதில ஒண்டரை மடங்கு, 660. அதோட 40 வீதம் சேர்ச்சார்ஜ் எண்ட மேலதிகக் கட்டணம், 264. வழக்குச் செலவு 90. மொத்தம் 1014 பவுண். வேலையை விட்டு வீட்டில இருந்த மனுசனுக்கு, அவருக்குத் தெரியாமலே, அவர் ஓடாத காருக்கு. இதை நான் இப்ப ஒழுங்கா எழுதுறன், ஆனா அந்த நேரம் இதில ஒரு சொல்லும் எங்களுக்குத் தெரியாது.

ஃபைன் கட்டுப்படாததால அது பெய்லிவ் கொம்பனியிட்டப் போச்சு. 2024 சித்திரையில அந்தக் கொம்பனி எங்கட புது அட்ரஸைத் தேடிப் பிடிச்சு நோட்டிஸ் அனுப்பியிருக்கு. இதை நான் மறைக்கக் கூடாது, அது வீட்டை வந்தது. அந்தக் கிழமை இவர் நியூமோனியாவோட திரும்ப வார்டில, நான் விடிய வெளிக்கிட்டு இரவு வந்து தபாலை அள்ளி மைக்ரோவேவுக்கு மேல வைச்சிட்டுப் படுத்திடுவன். அந்தக் கடிதம் அங்கயே கிடந்திருக்கு, பிரிக்காம. நோட்டிஸுக்கு 75 பவுண், ஏழு முழு நாள் அவகாசம், அதுக்குள்ள நீங்கள் தொடர்பு கொண்டா அவ்வளவோட நிக்கும். ஆள் வாசலுக்கு வந்தா இன்னும் 235. அப்ப இருந்த கட்டணம் அது. ஆக 1014 எண்டது 1324 ஆச்சு. கொம்பனிக்குக் கோட் சம்பளம் குடுக்கிறேல்ல, இந்த 75 உம் 235 உம் தான் அவையின்ர உழைப்பு, இதை விளங்கிக்கொண்டாத்தான் ஏன் போனில வருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல எண்டது விளங்கும்.

பெய்லிவ் வந்தது ஒரு வியாழக்கிழமை விடிய 6:40க்கு. சட்டப்படி 6 மணியில இருந்து இரவு 9 மணி வரைக்கும் அவை வரலாம். ஹொஸ்பிட்டல் ட்ரான்ஸ்போட் வாற நேரமும் அதுதான், பெல் அடிக்க ட்ரான்ஸ்போட்காரர்தான் எண்டு நினைச்சு நான் கதவை அகலத் திறந்து இவற்ற பையைத் தூக்கிக் குடுக்கப் போனனான். கறுப்பு வெஸ்ட், நெஞ்சில கமரா, கையில டப்லெட். "உள்ள வரலாமா" எண்ட மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே ஹோலுக்குள்ள வந்திட்டார். திறந்த கதவால நடந்து வந்தா அது சட்டப்படி சரியான நுழைவு எண்டு பிறகுதான் தெரியும்.

இவர் சப்பாத்து போடுற வாங்கிலில இருந்தவர். இடது கை ஷேர்ட்டை முழங்கைக்கு மேல மடிச்சு, டயலசிஸ் ஊசி குத்துறதுக்கெண்டு நரம்பைப் பொருத்தி வைச்ச ஃபிஸ்டுலா இருக்கிற இடத்தில மரத்துப்போற கிறீம் பூசி அதுக்கு மேல கிளிங் ஃபில்ம் சுத்தியிருக்கும், ஊசி குத்தேக்க நோகாமலிருக்க ஒரு மணித்தியாலத்துக்கு முதலே நான் சுத்திவிடுறனான். ரெண்டு மொத்த ஊசி ஏத்தி ஏத்தி அந்த நரம்பு கயிறு மாதிரிப் புடைச்சிருக்கும், மெல்லிய பிளாஸ்டிக்குக்குள்ளால வடிவாத் தெரியும். அந்த ஆள் அந்தக் கையைப் பாத்தவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான், பாத்திட்டு டப்லெட்டைக் குனிஞ்சு பாத்து, இண்டைக்கு முழுக்கக் கட்டுறியளோ இல்லாட்டி வெளியில நிக்கிற காரை எடுக்கட்டோ எண்டு கேட்டவர். கத்தேல்ல, மரியாதையில்லாமக் கதைக்கேல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா வருத்தம் என்ன எண்டு ஒரு கேள்வி கேக்கேல்ல.

ஒஃபீஸுக்கு அடிச்சுக் கதையுங்கோ எண்டு நம்பர் தந்தவர். இருபது நிமிசத்துக்கு மேல மியூசிக். எடுத்த பிள்ளை 1324 ஐயும் கட்டு, இல்லாட்டி பாதியைக் கட்டு எண்டதை விட வேற ஒண்டும் சொல்லேல்ல, நான் டயலசிஸ் எண்டு மூண்டு தரம் சொன்னனான், மூண்டு தரமும் "அது விளங்குது, ஆனா வாரண்ட் இருக்கு", அதாவது அறவிடச் சொல்லிக் கோட் குடுத்த உத்தரவு. இதுக்கிடையில ட்ரான்ஸ்போட்காரர் வந்து வாசலில நிக்கிறார், இவருக்கு நேரம் போகுது, நேரம் பிந்தினா மெஷின் அடுத்த ஆளுக்குப் போயிடும். மகனின்ர ஸ்கூல் பயணத்துக்கெண்டு வைச்சிருந்ததையும் சேத்து 300 பவுண் கார்ட்டில கட்டினனான். மிச்சத்துக்கு ஒரு பேப்பரில கையெழுத்து கேட்டவர், கார், ரிவி, சோபா எல்லாம் எழுதி, கட்டாட்டி எடுக்கலாம் எண்ட ஒப்பந்தம். நான் வாசிச்சு விளங்காம வைக்கமாட்டன் எண்டனான். எங்க இருந்து அந்தத் தைரியம் வந்தது எண்டு தெரியேல்ல.

ஒரு ஸ்டாருக்கு மேல போடாததுக்குக் காரணம் அந்த ஆளை விட அந்த போன் பக்கம்தான். வாசலுக்கு வாறவர் பத்து வீட்டு லிஸ்டோட வாறவர். போனில இருந்தவைக்கு முன்னால கொம்பியூட்டர் இருக்கு, டயலசிஸ் எண்ட சொல்லு கேட்ட உடன தட்டிவிடுறதுக்கு எண்டே ஒரு தனிப் பகுதி கொம்பனிக்குள்ள இருக்கு, அப்பிடி ஒண்டு இருக்கு எண்டே எனக்குச் சொல்லேல்ல.

இனி அஞ்சு ஸ்டார். அண்டைக்குப் பத்து மணிபோல டயலசிஸ் யூனிட் வெயிட்டிங் ரூமில இருந்து நாஷனல் டெப்ட்லைனுக்கு அடிச்சனான், யூனிட் நேர்ஸ் ஒராள்தான் பேரை எழுதித் தந்தவ. எடுத்த பொம்பிளை முதல் கேட்டது அந்த ஆள் போயிட்டாரா, நீங்கள் இப்ப பத்திரமா இருக்கிறியளா எண்டு. நான் அழுதிட்டன். அழுது முடியும் வரைக்கும் பேசாம இருந்தவ. பிறகு கடிதத்தில இருக்கிற ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லி, இது கவுன்சில் டாக்ஸோ பார்க்கிங்கோ இல்லை, மஜிஸ்ட்ரேட் கோட் ஃபைன் எண்டு கண்டுபிடிச்சவ. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். எங்கட ஆக்களுக்குள்ள வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்துது, கதவைத் திறக்காம விட்டா பெய்லிவ் ஒண்டும் செய்யேலாது எண்டு. கவுன்சில் டாக்ஸுக்கு முதல் தரம் வந்தா அது சரி. கோட் ஃபைனுக்கு அப்பிடி இல்லை, கடைசி வழியா கதவை உடைச்சு வரவும் அவைக்குச் சட்டத்தில இடம் இருக்கு. நடக்கிறது குறைவு எண்டும் சொன்னவ, ஆனா கதவைப் பூட்டிக்கொண்டு மாசக்கணக்கா இருக்கலாம் எண்டு நினைக்க வேண்டாம் எண்டவ. கடன் தொல்லைக்கு 60 நாள் மூச்சு விட அவகாசம் குடுக்கிற திட்டம் ஒண்டு இருக்கு, அதுக்குள்ளயும் கோட் ஃபைன் வராது. உள்ளதை உள்ளபடி சொன்னவ, அதுதான் எனக்குப் பிடிச்சது.

பிறகு ரெண்டு விசயம் சொன்னவ, ரெண்டும் எங்களைக் காப்பாத்தினது.

முதலாவது, வல்னரபிள் எண்ட சொல்லு, பலவீனமான நிலையில இருக்கிற ஆள் எண்டு அர்த்தம். நீதி அமைச்சு 2014 இல போட்ட விதிமுறையில, கடுமையான வருத்தக்காரர், ஊனம் உள்ளவை, வயசுபோனவை, புதுசா ஆரையும் சாகக் குடுத்தவை, கர்ப்பிணியள், தனியப் பிள்ளை வளக்கிறவை, ஆங்கிலம் விளங்கிறதுக்குக் கஷ்டப்படுறவை எல்லாரும் அந்த வகைக்குள்ள வரலாம் எண்டு இருக்கு. வீட்டில அப்பிடியான ஆளோ 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையோ மட்டும் இருந்தா சாமானைக் கைப்பற்றக் கூடாது. கடன்காரரே அப்பிடியான ஆள் எண்டா, அவர் ஆலோசனை எடுக்கிறதுக்குச் சரியான அவகாசம் குடுக்காம அந்த 235 ஐ அறவிடேலாது. ஆனா வாயால சொன்னாக் காணாது, எழுத்தில, டொக்டரின்ர கடிதத்தோட, கொம்பனிக்கும் கோட்டுக்கும் ரெண்டுக்கும் அனுப்போணும் எண்டவ. அவையின்ர வெப்சைட்டில மாதிரிக் கடிதம் இருக்கு, பேரையும் நம்பரையும் மாத்தினாச் சரி. இவற்ற புளூ பாட்ஜ், ஊனமுற்ற ஆக்களுக்குப் பார்க்கிங்குக்குக் குடுக்கிற அட்டை, மேசை லாச்சிக்குள்ள கிடந்தது, அதைக் காரின்ர கண்ணாடிக்குப் பின்னால வையுங்கோ, வீட்டு வாசலில நிக்கேக்கயும் எடுக்க வேண்டாம், ஊனமுற்ற ஆளைக் கொண்டுபோற காரில அது தெரியிற மாதிரி இருந்தா எடுக்கேலாது எண்டவ. போனை வைச்சு வீட்டை போய் நான் செய்த முதல் வேலை அதுதான்.

ரெண்டாவது, ஸ்டாச்சுட்டரி டெக்ளறேஷன். சத்தியக் கூற்று எண்டு வையுங்கோவன். எனக்கு இப்பிடி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது எண்டு, தெரிய வந்து 21 நாளுக்குள்ள சத்தியம் பண்ணிக் குடுத்தா, அந்தத் தீர்ப்பே இல்லாமப் போயிடும், வழக்குத் திரும்ப முதலில இருந்து தொடங்கும், தீர்ப்பு இல்லாட்டி ஃபைன் இல்லை, ஃபைன் இல்லாட்டி வாரண்ட் இல்லை. பொய்ச் சத்தியம் பண்ணினா அது தனிக் குற்றம் எண்டும் வடிவா விளங்கப்படுத்தினவ. கோட்டுக்குப் போயும் செய்யலாம், சொலிசிட்டருக்கு முன்னாலயும் செய்யலாம். இவருக்குக் கோட் வாசலில காத்திருக்க ஏலாது, அதால அடுத்த புதன்கிழமை, டயலசிஸ் இல்லாத நாள், கடைத்தெருவில இருக்கிற ஒரு சொலிசிட்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். 5 பவுண் எடுத்தவர். அஞ்சே அஞ்சு பவுண், மாடியில ஒஃபீஸ் எண்டதால அவரே பேப்பரையும் பேனையையும் கொண்டு கீழ இறங்கி வந்து நிண்டவர். அண்டைக்கே கோட்டுக்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும் ரெண்டும் போட்டாச்சு.

கொம்பனி அதுக்குப் பிறகும் விடேல்ல. கிட்னி ஸ்பெஷலிஸ்டின்ர கடிதத்தை ஈமெயிலில அனுப்பி நாலு நாளில, ஏஜன்ட் திரும்ப வருவார் எண்டு டெக்ஸ்ட் வந்தது. நான் திரும்ப டெப்ட்லைனுக்கு அடிச்சன், வேற ஒராள் எடுத்தவர், ஆனா முதல் கதைச்சதெல்லாம் அவைக்கு முன்னால குறிப்பில இருந்தது, திரும்ப முழுக் கதையும் சொல்ல வைக்கேல்ல. கொம்பனிக்கு அடிச்சு வெல்ஃபெயர் டீம், நான் மேல சொன்ன அந்தத் தனிப் பகுதி, வேணும் எண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கோ, வேற ஆரோடயும் கதைக்க வேண்டாம் எண்டவர். கேட்டனான். குடுத்தினம். அந்த டீமில இருந்த பெடியன் கடிதத்தைத் திறந்து வாசிச்சு, மன்னிப்பும் கேட்டு, பத்து நிமிசத்துக்குள்ள எல்லாத்தையும் நிப்பாட்டினவன். அந்தப் பத்து நிமிசத்தை அண்டைக்கு விடிய 6:40க்குத் தந்திருக்கலாம். அவனுக்கு மட்டுமெண்டா நான் நாலு ஸ்டார் போட்டிருப்பன்.

மூண்டாவது கிழமை கோட்டில இருந்து கடிதம் வந்தது, தீர்ப்பு நீக்கியாச்சு, வாரண்ட் திருப்பி எடுத்தாச்சு எண்டு. வழக்குத் திரும்ப எடுத்த நாள் நானும் போனனான், கார் ஓடினது நான் எண்டு எழுதிக் குடுத்தனான், ஹொஸ்பிட்டல் டிஸ்சார்ஜ் பேப்பரையும் வீடு மாறின பேப்பரையும் குடுத்தனாங்கள், அரச தரப்பு இவருக்கு எதிரான வழக்கை வாபஸ் வாங்கிட்டுது. வேகமா ஓடினதுக்கு என்னில வழக்குப் போடுறதெண்டா ஆறு மாசத்துக்குள்ள தொடங்கியிருக்கோணும், அது கடந்துபோச்சு. அதுக்கு ஃபைன் வந்திருந்தா நான் கட்டியிருப்பன், பிழை என்ர.

300 பவுண் திரும்ப வரத்தான் சரியான இழுபறி. தீர்ப்பே இல்லாமப் போன பிறகும், ஏஜன்ட் வந்த வேலைக்குக் கட்டணம் எண்டு ஒரு பங்கைப் பிடிக்கப் பாத்தினம். முறைப்பாடு எழுதினன். பதிலில, அண்டைக்கு வீட்டில பலவீனமான நிலையில ஆரும் இருந்ததா ஏஜன்ட் காணேல்ல எண்டு போட்டிருந்தவை. அதை வாசிச்ச நேரம்தான் எனக்கு முதல் முதலா உண்மையான கோபம் வந்தது. அவற்ற நெஞ்சில கமரா இருந்தது. உங்களைப் பற்றி ஒரு கொம்பனி வைச்சிருக்கிற தகவலைக் கேட்டா ஒரு மாசத்துக்குள்ள தரோணும், வீடியோவும் அதுக்குள்ள வரும். இவற்ற பேரில கேட்டு எழுதினனாங்கள். வந்தது. மூண்டாவது நிமிசத்தில வாங்கிலில இவர் இருக்கிறார், மடிச்ச ஷேர்ட், கையில கிளிங் ஃபில்ம் லைட்டுக்கு மின்னுது, என்ர குரல் டயலசிஸ், டயலசிஸ் எண்டு கேக்குது. மகன் அந்த இடத்தில நிப்பாட்டி அந்த ஒரு படத்தைப் பிரின்ட் எடுத்துத் தந்தவன், அதையும் வைச்சு ரெண்டாவது கடிதம் போட்டனான், எட்டு நாளில 300 உம் முழுசா பாங்குக்கு வந்தது. முதல் காசு கட்டின நாளில இருந்து பாத்தா பதினொரு கிழமை.

டெப்ட்லைனில ஒரு குறை சொல்லோணும் எண்டா, சில நாள் லைன் கிடைக்க நேரம் எடுக்கும், மத்தியானத்தை விடக் காலமையில அடிச்சா நல்லது. அவை உங்களுக்காகக் கொம்பனியோட கதைக்க மாட்டினம், என்ன சொல்லோணும் எண்டு சொல்லித் தருவினம், நீங்கள்தான் கதைக்கோணும். ஆங்கிலத்தில கதைக்கிறது கஷ்டம் எண்டா சிட்டிசன்ஸ் அட்வைஸ் எண்ட இலவச ஆலோசனை அமைப்பின்ர கிளையொண்டுக்கு நேர போங்கோ, பக்கத்தில இருந்து ஃபோம் நிரப்பித் தருவினம், எங்களுக்கு வருமான விபரம் எழுதித் தந்தது அங்க இருந்த ஒரு வயசான தொண்டர்தான்.

வீடு மாறினா காரின்ர லொக்புக்கையும் லைசன்சையும் அண்டைக்கே மாத்துங்கோ, ஒன்லைனில செய்யலாம், காசில்லை. மாத்தாம வைச்சிருந்தா அதுக்கே 1000 பவுண் வரைக்கும் ஃபைன் போடலாம்.

இன்னுமொண்டு, எங்கட அலுவல் முடிஞ்ச பிறகு வந்தது. 2025 தையில இருந்து பெய்லிவ் கொம்பனியளைப் பற்றின முறைப்பாட்டை என்ஃபோஸ்மன்ட் கொண்டக்ட் போர்ட் எண்ட தனி அமைப்பு எடுத்து விசாரிக்குது. முதல் கொம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கோணும், அதில சரிவராட்டி அங்க போகலாம், அதுக்கும் காசில்லை. வந்த நாள், நேரம், ஆர் ஆர் வீட்டில இருந்தவை, என்ன சொன்னவை எண்டதை அண்டைக்கு இரவே ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. நான் இவற்ற டயலசிஸ் எடை எழுதிற கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில எழுதினனான், அந்தப் பக்கத்தைத்தான் முறைப்பாட்டோட போட்டோ எடுத்து அனுப்பினது.